கிரபீன் கற்க வருபவர்களுக்கு: ஊமல் கரியில் தொடங்கி ஒரு வழி

போன மாரி முடிந்த கையோடு எங்கள் ஒழுங்கையால் ஒருவர் வீடு வீடாகத் தண்ணீர் வடிகட்டி விற்றுக்கொண்டு வந்தார். பெட்டியில் 'கிரபீன்' என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. நைத்திரேற்று, சுண்ணாம்பு, எண்ணெய், கிருமி எல்லாவற்றையும் இது பிடித்துவிடும் என்றார். பக்கத்து வீட்டு அக்கா வேலியடிக்கு வந்து கேட்டா: "தம்பி, நீர் கெமிஸ்ரி படிப்பிக்கிறனீர். உந்தக் கிரபீன் எண்டது என்ன? எங்கட கிணத்துத் தண்ணிக்குச் சரிவருமோ?"

அந்த இடத்தில் ஒற்றை வசனத்தில் மறுமொழி சொல்ல என்னால் முடியவில்லை. ஒரு பொருள் எதைப் பிடிக்கும் என்று சொல்வதற்கு, அது எந்த விசையால் பிடிக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். கிரபீன் பற்றிய புதினங்கள் பெரும்பாலும் இந்தப் பகுதியைத் தாண்டி நேரே 'அதிசயப் பொருள்' என்ற இடத்துக்குப் போய்விடுகின்றன. ஆகவே அக்காவுக்குச் சொல்ல வேண்டியிருந்ததை, உயர்தரத்தில் இரசாயனம் படிக்கும் பிள்ளைகளுக்கும் இத்துறைக்குப் புதிதாக வரும் எவருக்கும் பயன்படும்படி படிபடியாக எழுதுகிறேன். முதற் பாதிக்கு வீட்டில் உள்ள சாமான்களே போதும்.

தொடங்குமுன் சொற்களைப் பற்றி ஒன்று. நமது பாடநூல்களில் காபன், இலத்திரன், ஒட்சிசன், காரீயம் என்று படிக்கிறோம். தமிழ்நாட்டுப் பக்கங்களில் இவையே கார்பன், எலக்ட்ரான், ஆக்சிஜன், கிராஃபைட். தேடும்போது இரண்டு விதமாகவும் எழுதித் தேடுங்கள். காரீயம் என்ற சொல் ஈய உலோகத்தையும் குறிப்பதுண்டு; அதனால் பென்சிலுக்குள் ஈயம் இருப்பதாகச் சிலர் இன்றும் நினைக்கிறார்கள். பென்சிலில் இருப்பது காபனாலான காரீயமும் களிமண்ணும்தான்.

படி 1: பென்சிலால் கீறுங்கள், தடையை அளவுங்கள்

6பி பென்சில் ஒன்றும் மல்ரிமீற்றர் ஒன்றும் வேண்டும். வெள்ளைத் தாளில் ஐந்து சென்ரிமீற்றர் நீளம், ஒரு சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு பட்டையை நன்றாக அழுத்தி, பளபளப்பு வரும்வரை தேயுங்கள். மல்ரிமீற்றரின் இரண்டு முனைகளையும் பட்டையின் இரண்டு அந்தங்களில் வைத்தால் கிலோஓம் அளவில் ஒரு தடை காட்டும். அதே அளவில் எச்பி பென்சிலால் கீறி அளந்தால் தடை கூடும். எச்பியில் களிமண் அதிகம், காரீயம் குறைவு. பிறகு தாளை, பட்டை வெளிப்புறம் வரும்படி மெல்ல வளையுங்கள். தடை ஏறும். உட்புறம் வரும்படி வளைத்தால் இறங்கும். நீங்கள் ஓர் இழுவிசை உணரியைச் செய்துவிட்டீர்கள்.

பென்சில் தாளில் எழுதுவதே ஒரு மூலக்கூற்று விசைப் பாடம். காரீயம் தாள்தாளாக அடுக்கிய காபன். ஒரு தாளுக்குள் அணுக்களுக்கு இடையிலான தூரம் 0.142 நனோமீற்றர், அங்கே இருப்பது பங்கீட்டு வலுப்பிணைப்பு. அடுத்த தாளுக்குள்ள தூரம் 0.335 நனோமீற்றர், அங்கே வந்தர்வாலின் விசை என்ற மெலிந்த கவர்ச்சி மட்டும்தான். அதனால் விரல் அழுத்தத்திலேயே காபன் தாள்கள் வழுகி, நீங்கள் எழுதும் கடதாசியில் படிகின்றன. அந்தக் காபன் தாள்களில் ஒன்றைத் தனியே எடுத்தால் அதற்குப் பெயர் கிரபீன். ஒரு மில்லிமீற்றர் தடிப்பான காரீயத்தில் ஏறத்தாழ 30 இலட்சம் கிரபீன் தாள்கள் அடுக்கியிருக்கின்றன.

காரீயத்தின் இந்த வழுவழுப்புக்குத் தாள்கள் மட்டும் காரணமல்ல என்பது தெரியவந்த கதையையும் இங்கேயே சொல்லிவிடலாம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், மிக உயரத்தில் பறந்த விமானங்களின் மின்பிறப்பாக்கிகளில் இருந்த காபன் தூரிகைகள் வழமைக்கு மாறாக வெகு விரைவில் தேய்ந்து தூளாகின. மேலே காற்று மெலிந்து வரண்டது. நிலத்தில் இருக்கும்போது காற்றின் நீராவி மூலக்கூறுகள் காரீயத்தின் ஓரங்களில் ஒட்டி, அங்குள்ள பிணைப்புப் பசியை அடக்கி வைத்திருந்தன. நீராவி போனதும் ஓரங்கள் ஒன்றோடொன்று பிடித்து உராயத் தொடங்கின. எங்கே எந்த மூலக்கூறு ஒட்டியிருக்கிறது என்பதுதான் பொருளின் குணத்தைத் தீர்மானித்தது. கிரபீன் முழுவதையும் இந்தக் கண்ணோடு பார்க்கப் பழகுங்கள்.

படி 2: தேன்கூட்டைக் கொப்பியில் வரையுங்கள்

அச்சுப் படத்தைப் பார்ப்பதோடு நிற்காமல் கையால் வரையுங்கள். அறுகோணம் ஒன்று, அதைச் சுற்றி ஆறு. ஒவ்வொரு மூலையிலும் ஒரு காபன் அணு. ஒவ்வொன்றுக்கும் மூன்று அயலவர். கோணம் 120 பாகை. காபனுக்கு வலுவளவு ஓட்டு இலத்திரன்கள் நான்கு. மூன்று அயலவரோடு பிணைப்புக்குப் போனால் ஒன்று மிச்சம். அந்த மிச்ச இலத்திரன்கள் எல்லாம் சேர்ந்து தாளின் மேலும் கீழும் ஒரு முகில்போலப் பரவி நிற்கின்றன. இதுதான் பை இலத்திரன் முகில். மின்னைக் கடத்துவதும், அயலில் வரும் மூலக்கூறுகளோடு முதலில் 'கதைப்பதும்' இந்த முகில்தான்.

வரைந்து முடித்ததும் ஒன்றைக் கவனியுங்கள்: இந்தப் பொருளுக்கு உள்ளே என்று ஓர் இடமே கிடையாது. எல்லா அணுவும் மேற்பரப்பில்தான். அதனால் ஒரு கிராம் கிரபீனின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து அளந்தால் 2630 சதுர மீற்றர் வரும். நம்மூர்க் கணக்கில் ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர். ஆக, ஒரு கிராமுக்குள் பத்துப் பரப்புக்கு மேற்பட்ட காணி விரிந்து கிடக்கிறது. அந்தக் காணியில் யார் வந்து குடியிருக்கிறார், எவ்வளவு இறுக்கமாக இருக்கிறார், எப்படி எழும்பிப் போவார் என்ற மூன்று கேள்விதான் இனி வரும் எல்லாப் படிகளிலும்.

படி 3: செலோரேப்பால் உரியுங்கள்

2004இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அந்திரே கைமும் கொன்ஸ்தந்தீன் நொவோசெலொவும் கிரபீனைப் பிரித்தெடுத்து அதன் மின்னியல்பை அளந்து அறிவித்தார்கள். 2010இல் இருவருக்கும் பௌதிகவியல் நோபல் பரிசு. அவர்களுடைய கருவி ஒட்டுநாடா. காரீயத் துண்டை நாடாவில் ஒட்டி, நாடாவை மடித்து, உரித்து, மறுபடி மடித்து, மறுபடி உரிப்பது. ஒவ்வொரு உரிப்பிலும் அடுக்கு பாதியளவில் குறையும்.

நீங்கள் செய்யும்போது பென்சில் கூரை எடுக்காதீர்கள். நான் முதலில் அதைத்தான் எடுத்தேன். களிமண் கலந்த மிகச் சிறு துகள்கள் என்பதால் கறுப்புப் பூச்சுத்தான் மிஞ்சியது. கட்டிக் காரீயம் வேண்டும். இலங்கை இதில் பேர்போன நாடு. கேகாலை மாவட்டத்தின் போகலையிலும் குருநாகல் மாவட்டத்தின் ககட்டகஹவிலும் கிடைப்பது நரம்புக் காரீயம்: பாறை வெடிப்புகளுக்குள் நரம்புபோல் படிந்தது, பல இடங்களில் 95 சதவீதத்துக்கு மேல் காபன். அந்தப் பக்கம் சொந்தக்காரர், கூட்டாளிகள் யாரும் இருந்தால் தீப்பெட்டி அளவில் ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள். பல வகுப்புகளுக்குக் காணும்.

பத்துப் பன்னிரண்டு தரம் உரித்தபிறகு நாடாவை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். கறுப்பு, சாம்பல், மெல்லிய சாம்பல் என்று திட்டுகள் தெரியும். ஒரு தனி அடுக்கு ஒளியில் 2.3 சதவீதத்தை மட்டுமே உறிஞ்சும், ஆகவே வெறுங்கண்ணால் நாடாவில் அதைக் கண்டுபிடிப்பது முடியாத காரியம். ஆய்வுகூடத்தில் ஏறத்தாழ 300 நனோமீற்றர் தடிப்பான சிலிக்கன் ஈரொட்சைட்டுப் படலம் பூசிய சிலிக்கன் தகட்டில் அழுத்தி, ஒளி நுணுக்குக்காட்டியால் நிற வேறுபாட்டை வைத்துத் தேடுவார்கள். உங்களுக்குக் கிடைப்பது பல அடுக்குத் துண்டுகள்தான். அதில் கவலைப்பட ஒன்றுமில்லை, அடுத்த சோதனைக்கு அதுவே போதும்.

காரீயக் கட்டியின் மேற்பரப்பை நாடாவால் ஒருமுறை உரித்து, உடனேயே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பக்கவாட்டில் படம் எடுங்கள். அதே கட்டியை ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு மறுபடி சொட்டு விட்டுப் படம் எடுங்கள். இரண்டாம் நாள் சொட்டு சற்றுக் கூடுதலாக உருண்டு நிற்கும். காரீயமும் கிரபீனும் இயல்பிலேயே தண்ணீரை வெறுப்பவை என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். 2013இல் பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தார் அதைத் திருத்தினார்கள்: புதிதாக உரித்த முகம் தண்ணீரை ஓரளவு ஏற்றுக்கொள்கிறது, காற்றில் உள்ள ஐதரோகாபன் மூலக்கூறுகள் சில நிமிடங்களிலேயே வந்து படிந்துதான் அதை எண்ணெய்த்தன்மை ஆக்குகின்றன. காணி வெறுமையாகக் கிடப்பதேயில்லை. உணரி செய்பவரும் மருந்து ஒட்டுபவரும் இதை மறந்தால் அளவீடுகள் நாளுக்கு நாள் மாறும்.

படி 4: பிடிகளைத் தரம் பிரியுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். கொப்பியில் ஒரு பக்கத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். முதலில் அளவுகோல் ஒன்று வேண்டும். அறை வெப்பநிலையில் மூலக்கூறுகள் ஆடுகிற ஆட்டத்தின் அளவு: வாயு மாறிலி 8.314ஐக் கெல்வின் வெப்பநிலை 300ஆல் பெருக்குங்கள், மூலுக்கு 2.5 கிலோயூல். ஒரு பிடி இதைவிட எத்தனை மடங்கு பெரிது என்பதே அது நிற்குமா கழருமா என்று சொல்லும்.

தாளுக்குள் உள்ள காபன்–காபன் பிணைப்பு மூலுக்குப் பல நூறு கிலோயூல். அது வெப்பத்தால் சும்மா கழராது. தாளுக்கும் தாளுக்கும் உள்ள பிடி, ஓர் அணுவின் பங்கு என்று பார்த்தால் 5 கிலோயூல் அளவில்தான். சிறிதுதான், ஆனால் இலட்சக்கணக்கான அணுக்கள் ஒரே நேரத்தில் பிடிக்கும்போது கூட்டுத்தொகை பெரிது. கோவில் தேர் வடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தனி ஆளின் இழுவை பெரிதல்ல, தேர் நகருவது எல்லாரும் சேர்ந்து பிடிப்பதால்.

இந்த வந்தர்வாலின் விசை எல்லா மூலக்கூறுக்கும் உண்டு. மூலக்கூறு பெரிதாகவும் தட்டையாகவும் இருக்க இருக்க, கிரபீனோடு தொடும் இடம் கூடுகிறது, பிடியும் கூடுகிறது. தட்டையான மூலக்கூறில் பென்சீன் வளையமும் இருந்தால், அதன் பை முகிலும் கிரபீனின் பை முகிலும் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொள்ளும். பை அடுக்கல் என்பது இது. பென்சீன் ஒன்று காரீய மேற்பரப்பில் படுக்கும்போது மூலுக்கு 50 கிலோயூலுக்குக் கிட்டச் சக்தி வெளிவரும். ஆட்டத்தின் அளவைவிட இருபது மடங்கு. வளையங்கள் நான்கு சேர்ந்த பைரீன் இன்னும் இறுக்கம். அதை நங்கூரமாகவே பயன்படுத்துகிறார்கள், பிறகு வருகிறேன்.

தண்ணீருக்குள் இன்னொரு காரணமும் சேர்கிறது. எண்ணெய்த்தன்மையான மூலக்கூறைச் சுற்றி நிற்கத் தண்ணீருக்கு விருப்பமில்லை. தன் ஐதரசன் பிணைப்புகளைக் காப்பாற்றிக்கொள்ள அதை வெளியே தள்ளும். தள்ளப்பட்டது கிரபீனில் போய் ஒட்டும். இங்கே இழுப்பவரைவிடத் தள்ளுபவருக்கே பங்கு அதிகம்.

மின்னேற்றம் கொண்ட அயன்கள் வேறு விதம். வெற்றிடத்தில் ஒரு சோடியம் அயனைக் கிரபீனருகே கொண்டுவந்தால் பை முகில் அதை நன்றாகவே இழுக்கும். தண்ணீருக்குள் அதே அயனைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் இறுக்கி நிற்கின்றன; அவற்றை விட்டுவிட்டு வர அதற்கு மனமில்லை. பாடநூலில் 'கவர்ச்சி உண்டு' என்று படித்துவிட்டு, எதிர்ப்பக்கத்தில் தண்ணீர் என்ன பிடி போடுகிறது என்று கணக்குப் பாராமல் விடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. ஐதரசன் பிணைப்பு, மூலுக்கு 20 கிலோயூல் அளவில், தூய கிரபீனில் அதிகம் வேலை செய்யாது. பிடித்துக்கொள்ள அங்கே ஒட்சிசன் இல்லை. ஒட்சிசன் ஏறிய கிரபீனான கிரபீன் ஒட்சைட்டுக்கு வரும்போது அது முன்னுக்கு வரும்.

படி 5: நாலு போத்தல் சோதனை

இனி ஊமலுக்கு வருவோம். பனங்கிழங்கு கிண்டி முடிந்து வளவு மூலையில் கிடக்கும் ஊமலை (முளைத்த பனங்கொட்டையின் கோதை), மூடியில் ஆணித்துவாரம் போட்ட தகர டப்பாவுக்குள் வைத்து, வெளி அடுப்பில் புகை நிற்கும்வரை சுடுங்கள். மூடியைத் திறக்காமல் ஆறவிடுங்கள். ஒரு காலத்தில் பல் தீட்டிய அதே ஊமல் கரி. சிரட்டைக்கரியும் சரிதான். இடித்து, அரித்து, ஏழெட்டுத் தண்ணீரில் கழுவுங்கள். கழுவாவிட்டால் சாம்பல் கரைந்து சோதனையைக் குழப்பும்.

கரி கிரபீன் அல்ல. ஆனால் கிரபீனின் ஒன்றுவிட்ட சகோதரம். கரிக்குள் சின்னஞ்சிறு கிரபீன் துண்டுகள் ஒழுங்கில்லாமல், முறுகி, இடைவெளிகளோடு குவிந்திருக்கின்றன. சில கரிகளைச் சூடாக்கினால் அந்தத் துண்டுகள் வரிசைக்கு வந்து காரீயமாகும், சில எவ்வளவு சூடாக்கினாலும் ஆகா என்று 1951இல் எக்ஸ் கதிரால் பிரித்துக் காட்டியவர் ரொசலின்ட் பிராங்க்ளின். டிஎன்ஏ படத்துக்காக அவரை அறிந்த பலருக்கு அவர் முதலில் கரி ஆய்வாளர் என்பது தெரியாது. மேற்பரப்பில் மூலக்கூறு ஒட்டும் விதத்தைக் கற்க, விலையுயர்ந்த கிரபீனுக்குப் பதில் கரியே நல்ல ஆசிரியர்.

நான்கு ஜாம் போத்தல்களில் 200 மில்லிலீற்றர் வீதம் தண்ணீர். முதலாவதில் மீன்தொட்டிக் கடையில் பூஞ்சைக்கு விற்கும் மெத்திலீன் நீலத்தில் ஒன்றிரண்டு துளி. இரண்டாவதில் கேசரிக்குப் போடும் மஞ்சள் நிறம் சிறிதளவு. மூன்றாவதில் அரைக் கரண்டி உப்பு. நான்காவதில் ஒரு துளி மண்ணெண்ணெய். ஒவ்வொன்றுக்கும் கரி போடாத சோடிப் போத்தல் ஒன்று பக்கத்தில் கட்டாயம் இருக்கட்டும். ஒப்பீடு இல்லாத சோதனை வெறும் விளையாட்டு. கரித்தூள் ஒரு தேக்கரண்டி போட்டு, மூடி, ஐந்து நிமிடம் குலுக்கி, இரவு முழுக்க வையுங்கள். காலையில் பருத்தித் துணியை நாலாக மடித்து வடித்து, வெள்ளைத் தாளை அணைத்துப் படம் எடுங்கள். உப்புப் போத்தலை, தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவைக் காட்டும் ரீடிஎஸ் மீற்றரால் அளவுங்கள். நீலம் கையில் பட்டால் லேசில் போகாது, கையுறை போடுங்கள். எந்தப் போத்தலையும் சின்னப் பிள்ளைகள் எட்டும் இடத்தில் வைக்க வேண்டாம்.

நீலம் தெளியும். மெத்திலீன் நீலம் மூன்று வளையம் கொண்ட தட்டையான மூலக்கூறு, நேரேற்றமும் உண்டு: பை அடுக்கல், தண்ணீரின் தள்ளுகை, கரியின் ஓரங்களில் உள்ள மறையேற்றத்தின் கவர்ச்சி, மூன்றும் ஒரே பக்கம் இழுக்கின்றன. மஞ்சள் நிறத்திலும் வளையங்கள் உண்டு, ஆனால் அது மறையேற்றம் கொண்டது, தண்ணீரோடு நல்ல உறவு. வழமையாக அது பின்தங்கும். மண்ணெண்ணெயின் படலமும் மணமும் குறையும். உப்பின் ரீடிஎஸ் அசையாது. ஏறினால், நீங்கள் கரியை ஒழுங்காகக் கழுவவில்லை.

மீன்தொட்டி வடிகட்டிக்கு விற்கும் உயிர்ப்பூட்டப்பட்ட காபனிலும் இதையே செய்து பாருங்கள். நீராவியாலோ இரசாயனத்தாலோ அதன் துளைகளைத் திறந்து வைத்திருப்பதால், அதே எடைக்கு நீலம் இன்னும் விரைவாகப் போகும்.

இனி அக்காவின் கிணற்றை எடுப்போம். யாழ்ப்பாணத்து நிலத்தடி நீர் சுண்ணக்கல்லுக்குள் இருப்பது. கல்சியம் கரைந்து கேத்திலில் வெள்ளையாகப் படியும். வலிகாமத்துத் தோட்டக் காணிகளில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் போடும் பசளையும், மலசலகூடக் குழிகளின் கசிவும் நைத்திரேற்றாக இறங்குகின்றன. சுன்னாகத்துப் பக்கக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது 2015ஆம் ஆண்டளவில் ஊரெல்லாம் பேசப்பட்ட விடயம். ஒரே கிணறு, மூன்று விருந்தாளிகள். எண்ணெயின் ஐதரோகாபன்களைக் கரியோ கிரபீனோ பிடிக்கும். நான்காம் போத்தலில் கண்டீர்கள். கல்சியத்தைப் பிடிக்காது, இரட்டை ஏற்றம் என்பதால் தண்ணீர் அதைச் சோடியத்தைவிட இறுக்கமாகக் கட்டிப்பிடித்திருக்கிறது. நைத்திரேற்று அயன் தட்டையானதுதான், ஆனாலும் சிறியது, மறையேற்றம் கொண்டது, தண்ணீரில் சுகமாக இருப்பது. அதற்குக் கிரபீனிடம் வர ஒரு காரணமும் இல்லை. மூன்றாம் போத்தல் போலத்தான் நிற்கும்.

கிருமியையும் கரி கொல்வதில்லை. நாட்பட்ட கரிப் படுக்கையில் கிருமி வளரவும் கூடும். ஆகவே கொதிக்கவைப்பது தனி வேலை. கொதிக்கவைத்தால் நைத்திரேற்றும் போய்விடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். போகாது, தண்ணீர் ஆவியாவதால் செறிவு சற்றுக் கூடும். கைக்குழந்தை உள்ள வீடுகளில் இது உயிர்ப் பிரச்சினை. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. அதற்கு மேல் இருந்தால் எதிர்ப் பிரசாரணமோ (ஆர்ஓ) அயன் பரிமாற்றமோதான் வேண்டும்.

படி 6: சவர்க்காரத்தோடு தண்ணீரில் கலக்குங்கள்

காரீயத் தூளைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும் அல்லது அடியில் கட்டியாகும். அதோடு கோப்பை கழுவும் திரவச் சவர்க்காரம் ஒரு மேசைக்கரண்டி சேர்த்து, பிளென்டரில் நீண்ட நேரம் சுற்றினால் நீர் கறுத்து, இரவு கடந்தும் மேல்பகுதி கறுப்பாகவே நிற்கும். டப்ளினில் உள்ள திரினிற்றிக் கல்லூரி ஆய்வாளர்கள் 2014இல் இந்த முறையை ஒழுங்காக ஆராய்ந்து, சமையலறை பிளென்டராலும் சில அடுக்குக் கிரபீன் பிரிகிறது என்று காட்டினார்கள். சவர்க்கார மூலக்கூறின் எண்ணெய் வால் கிரபீனில் படுக்கிறது; ஏற்றமுள்ள தலை தண்ணீர்ப்பக்கம் நீண்டு, அடுத்த தாளை நெருங்கவிடாமல் தள்ளுகிறது. மேல்பகுதியை மட்டும் உறிஞ்சி எடுங்கள். அதில் பெரும்பங்கு இன்னும் மெல்லிய காரீயம்தான், கிரபீன் சிறுபங்கு. அந்த பிளென்டரைப் பிறகு சம்பலுக்கோ பாலுக்கோ எடுக்கவே கூடாது. உலர்தூளைக் கையாளும்போது முகக்கவசம் கட்டுங்கள்.

படி 7: கிரபீன் ஒட்சைட்டு, ஆய்வுகூடத்தில் மட்டும்

இணையத்தில் ஹம்மர்ஸ் முறை என்று தேடினால் செய்முறை உடனே கிடைக்கும். 1958இல் வந்தது: செறிந்த சல்பூரிக்கமிலம், சோடியம் நைத்திரேற்று, பொற்றாசியம் பரமங்கனேற்று. தயவுசெய்து வீட்டிலோ ரியூட்டரியிலோ முயலாதீர்கள். பரமங்கனேற்றும் செறிந்த சல்பூரிக்கமிலமும் சேரும்போது உண்டாகும் மங்கனீசு ஏழொட்சைட்டு 55 பாகை அளவைத் தாண்டிச் சூடானால் வெடிக்கக்கூடியது. நம்மூர்ப் பகல் வெயிலில் பனிக்கட்டித் தொட்டி உருகும் வேகத்தை நினைத்துப் பாருங்கள். பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில், மேற்பார்வையோடு, புகைக்கூண்டுக்குள் செய்யும் வேலை அது.

ஆனால் அந்தப் பொருளைப் புரிந்துகொள்ள வேண்டும். கிரபீன் தாளில் அங்கங்கே ஐதரொட்சில், எப்பொட்சைட்டு, ஓரங்களில் காபொட்சிலிக்குக் கூட்டங்கள் முளைத்திருக்கும். பை முகில் கிழிந்துவிடுவதால் மின்கடத்தல் போய்விடும். பதிலுக்குத் தண்ணீரோடு ஐதரசன் பிணைப்பு வந்துவிடும். தண்ணீரில் தானாகவே பிரிந்து நிற்கும், மறையேற்றம் கொள்ளும். மெத்திலீன் நீலத்தை அள்ளிப் பிடிக்கும், மஞ்சள் நிறத்தைத் தள்ளும். விற்றமின் சியால் தாழ்த்தினால் ஒட்சிசன் பெரும்பகுதி கழன்று கடத்தல் ஓரளவு திரும்பும்.

இந்த ஒட்சைட்டுத் தாள்களை அடுக்கினால் வடிகட்டி மென்சவ்வு. 2012இல் மான்செஸ்டரில் இப்படி ஒன்றைச் செய்து பார்த்தபோது கீலியம் வாயுகூடப் போகாத சவ்வினூடாக நீராவி தடையின்றிப் போனது. கடல்நீருக்குத்தான் சிக்கல்: தண்ணீரில் ஊறினால் தாள்களுக்கு இடையே தண்ணீர் புகுந்து வீங்கி, உப்பின் அயன்களும் நுழைந்துவிடுகின்றன. 2017இல் அதே பல்கலைக்கழகத்தார் எப்பொக்சியால் பக்கங்களை இறுக்கி வீக்கத்தைக் கட்டுப்படுத்தினார்கள். ஆய்வு நல்ல பாதையில் போகிறது. ஆனால் 2024இல் திறந்த நமது தாளையடிக் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் எதிர்ப் பிரசாரணத்தால் ஓடுவது. இன்றைக்குக் குடிக்கும் தண்ணீரைத் தருவது அந்தத் தொழில்நுட்பம்தான்.

படி 8: பயன்களை மூன்று கேள்வியால் படியுங்கள்

வாயு உணரி: 2007இல் தனித்தனி நைத்திரசன் ஈரொட்சைட்டு மூலக்கூறு கிரபீனில் ஒட்டுவதையும் கழருவதையும் தடை மாற்றத்தால் கண்டார்கள். அந்த வாயு கிரபீனிடமிருந்து இலத்திரனை எடுக்கும், அமோனியா கொடுக்கும். வருபவர் யார் என்று கிரபீனுக்குத் தெரியாது, எடுக்கிறாரா கொடுக்கிறாரா என்றுதான் தெரியும். இதுதான் இவ்வுணரிகளின் பெருங்குறை. கழற்றச் சூடாக்க வேண்டும்.

நோய் கண்டறியும் உணரியில், பைரீன் நங்கூரம் கிரபீனில் படுக்க, அதன் வாலில் பிறபொருளெதிரியை (அன்ரிபொடி) கட்டுகிறார்கள். பிணைப்பு எதையும் உடைக்காததால் கடத்தல் கெடாது. எனக்கு மிகவும் பிடித்த உத்தி டிஎன்ஏயினுடையது: ஒற்றை இழை டிஎன்ஏயின் வளைய மூலங்கள் (பேஸ்கள்) வெளியே தெரிவதால் அது கிரபீன் ஒட்சைட்டில் நன்றாக ஒட்டும், அதில் கட்டிய ஒளிரும் சாயம் அணைந்துவிடும். தேடுகிற சோடி இழை வந்து சேர்ந்தால் மூலங்கள் இரட்டைச் சுருளுக்குள் ஒளிந்துவிடும், பிடி தளரும், கழன்று மறுபடி ஒளிரும். ஒட்டுவதும் விடுவதும் சேர்ந்தே ஒரு விளக்காகிறது.

மீகொள்ளளவியில் (சுப்பர்கப்பாசிற்றர்) அந்தப் பத்துப் பரப்புக் காணியிலும் அயன்களைக் குடியேற்றி மின்னேற்றம் சேமிக்கலாம். அங்கே பை அடுக்கலே எதிரி: உலர்ந்ததும் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் காரீயமாகத் திரும்பிவிடும், காணியில் பெரும்பகுதி மறைந்துவிடும். இறப்பர், பிளாத்திக்கு, சீமெந்து எதில் கலந்தாலும் இதே தலையிடி. 'கிரபீன் கலந்தது' என்று பார்த்தால், கட்டியாகாமல் எப்படிப் பரப்பினார்கள் என்று கேளுங்கள்.

படி 9: கணினியில் தொடங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை

லப்டொப் இருந்தால் இலவச மென்பொருள்களில் கிரபீனையும் மூலக்கூறையும் கட்டிப் பிடியின் சக்தியைக் கணிக்கலாம். சாதாரண அடர்த்திச் சார்புக் கணிப்பில் (டிஎஃப்டி) வந்தர்வாலின் விசை முழுமையாக வராது. சில பிரபலமான முறைகள் காரீயத் தாள்கள் இரண்டும் ஒட்டவே ஒட்டாது என்ற அளவில் விடை தரும். அந்த விசையைக் கணக்கில் எடுக்கும் கலைவுவிசைத் திருத்தத்தைச் சேர்த்தீர்களா என்று முதலில் பாருங்கள். தாளிடைத் தூரம் 0.335 நனோமீற்றருக்குக் கிட்ட வந்தால்தான் மற்ற விடைகளை நம்பலாம்.

படி 10: வாங்குமுன்

கிரபீன் என்று விற்பதெல்லாம் கிரபீன் அல்ல. 2018இல் வெளியான ஓர் ஆய்வு 60 உற்பத்தியாளர்களின் மாதிரிகளைச் சோதித்தது. பெரும்பாலானவற்றில் கிரபீன் 10 சதவீதத்துக்கும் குறைவு, மிச்சம் மெல்லிய காரீயத் தூள். சர்வதேசத் தரச் சொற்களில் 3 முதல் 10 அடுக்கு வரை 'சில அடுக்குக் கிரபீன்'. அதற்கு மேல் அந்தப் பெயருக்குள் வராது.

ஆகவே விற்பவரிடம் இராமன் நிறமாலையை, அதாவது லேசர் ஒளி பொருளில் பட்டுச் சிதறும்போது எடுக்கும் வரைபடத்தைக் கேளுங்கள். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமன் 1928இல் கண்ட விளைவுதான் இன்று கிரபீனின் அடையாள அட்டை. சென்ரிமீற்றருக்கு இத்தனை அலைகள் என்ற அளவில் 1580க்கு அருகில் ஜி உச்சி, 2700க்கு அருகில் 2டி உச்சி, குறைபாடு இருந்தால் 1350க்கு அருகில் டி உச்சி. தனி அடுக்கில் 2டி ஒற்றை ஒடுங்கிய உச்சியாக, ஜியைவிட உயரமாக நிற்கும். கிரபீன் ஒட்சைட்டு என்றால் டியும் ஜியும் அகன்று, ஏறத்தாழச் சம உயரத்தில் இருக்கும். படம் தராதவரிடம் வாங்க வேண்டாம். இலங்கைக் காரீயத்திலிருந்து கிரபீன் செய்யும் முயற்சி ஹோமாகமவில் உள்ள இலங்கை நனோதொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வோடு வளர்ந்தது. ஆராய்ச்சிக்கு மாதிரி தேடும் மாணவர்கள் அந்தத் திசையில் முதலில் விசாரிக்கலாம்.

அக்கா அந்த வடிகட்டியை வாங்கவில்லை. குசினிக் கட்டில் நாலு போத்தலையும் தானே வைத்துப் பார்த்தா. உப்புப் போத்தலின் மீற்றர் அசையாமல் நின்றதைக் கண்டதும், "அப்ப நைத்திரேற்றை எப்பிடித் தம்பி அறியிறது?" என்று கேட்டா. நீங்களும் கேட்பீர்கள்: காலையில் முதல் அள்ளும் வாளிகளை ஊற்றிவிட்டு, சுத்தமான ஒரு போத்தலை அதே கிணற்றுத் தண்ணீரால் மூன்றுதரம் அலசி, வாய்வரை நிரப்பி மூடி, குளிராக வைத்து, திகதியும் நேரமும் எழுதி, அன்றைக்கே நீர்ப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொடுங்கள். மாரிக்கு முன்னொருதரம், மாரிக்குப் பின்னொருதரம்.